வலது கை

பயிற்சி முகாம்
பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? டிப்போவில் டயர் கழற்றுகிற வேலையிலிருந்து வேறு வேலைக்கு மாற்றித் தருவதாக மேனேஜர் சொன்னாரே, தந்தாரா?

முகாம் ஆபீஸில் போன் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நிமிடம். பேசும்போது கிளார்க் பக்கத்திலேயே உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் பேச்சு வரமாட்டேன் என்கிறது. அதனால் இனிமேல் கடிதம்தான். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நாள் முழுக்க மணல் மூட்டையைக் குத்திய கை பேனாவைப் பிடித்தால் இப்படித்தான் வரும்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். அடுத்த மாதம் வெளிநாட்டில் நடக்கும் குத்துச்சண்டைப் போட்டிக்கு ஐம்பத்தேழு கிலோ பிரிவில் என்னை எடுத்திருக்கிறார்கள். பதினாறு நாட்டு ஆட்கள் வருகிறார்களாம். பட்டியலை மாஸ்டர் சுவரில் ஒட்டியபோது என் பெயரைக் கீழேயிருந்து தேடிக்கொண்டு வந்தேன். அது மேலே இரண்டாவதாக இருந்தது. என் அறைக்காரன் நெட்டை, எண்பத்தொரு கிலோ பிரிவு, படுத்தால் முழங்காலுக்குக் கீழே கட்டிலுக்கு வெளியே நிற்கும், அவன் என்னை அப்படியே தூக்கி அலமாரி மேல் உட்கார வைத்துவிட்டான்.

கெட்ட செய்தி, நான் ஐம்பத்தொன்பதரை இருக்கிறேன். இரண்டரை கிலோவை எங்கேயாவது தொலைத்தாக வேண்டும். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுகிறேன். சாப்பாட்டு அறையில் மற்றவர்கள் தட்டு கண்ணில் படாமல் சுவரைப் பார்த்து உட்காருகிறேன்.

மாஸ்டர் நேற்று எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இவன் இடது கை பேசும், வலது கை முடிச்சு வைக்கும். அந்த வலது கை இருக்கற வரைக்கும் இவனை யாரும் அசைக்க முடியாது." இதை அப்பாவிடம் சொல். மெதுவாகச் சொல், இல்லாவிட்டால் டிப்போ முழுக்கப் பரவிவிடும்.

உன் வார்டு எப்படி? அந்த லாரி டிரைவர் நடந்தாரா?

அன்புடன் தம்பி,
வண்டு


வீடு
பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம்.

அப்பாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். மறுநாள் காலை நான் ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்கிறார், "உங்க தம்பி வலது கையால பஸ்ஸையே நிறுத்திடுவாராமே?" இதற்கு மேல் மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அப்பாவை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்திருக்கிறார்கள். முழங்காலுக்கு நல்லதுதான். ஆனால் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்துவிட்டார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். "நட்டு எடுத்துக் குடுக்கறதெல்லாம் ஒரு வேலையா" என்று என்னிடம் கேட்கிறார், ஏதோ நான் போட்ட உத்தரவு மாதிரி.

லாரி டிரைவர் பதினோரு அடி நடந்தார். பன்னிரண்டாவது அடியில் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். நாங்கள் மூன்று நர்ஸுகளும் கை தட்டினோம். தலைக்காய வார்டில் ஒருவர் திட்ட ஆரம்பித்துவிட்டால் பாதி தேறியாயிற்று என்று அர்த்தம். அவர் மனைவிதான் வெட்கப்பட்டு அழுதாள்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. ஒன்பது வருடமாகத் தலையில் அடிபட்டவர்களோடு இருக்கிறவள் நான். ஒரே வீட்டில் ஒருத்தி அடிபட்ட தலையைப் பார்த்துக்கொள்கிறாள், ஒருத்தன் தலையைக் கொண்டுபோய் நீட்டுகிறான். குத்து வாங்காமல் வா. பதக்கம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் பார்த்துக்கொள்ளலாம்.

வயிற்றைக் காயப்போடாதே.

அன்புடன்,
அக்கா


போட்டி நடக்கும் ஊர்
மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலம்தானே?

வெண்கலம் கிடைத்திருக்கிறது. முதல் ஆட்டம் புள்ளியில் ஜெயித்தேன். காலிறுதியில் இரண்டாவது ரவுண்டிலேயே நடுவர் நிறுத்தி என் கையைத் தூக்கிவிட்டார். அரையிறுதியில் தோற்றேன். எனக்கு அடி ஒன்றும் படவில்லை, கவலைப்படாதே.

ஊர் சுத்தமாக இருக்கிறது. எங்கள் விடுதிக்கு எதிரே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஐந்து மாடி. நாலாவது மாடியில் கோடியிலிருந்து மூன்றாவது ஜன்னலில் மட்டும் திரையை விலக்குவதே இல்லை.

உன்னிடம் ஒரு சந்தேகம். இங்கே விடுதி வேலைக்காரர் ஒருவர் மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்டுவிட்டது. விழுந்த பிறகு எழுந்து நடந்தார், பேசினார், கை குலுக்கினார். அரை மணி நேரம் கழித்து மயங்கிவிட்டார். மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள் எத்தனை நாளில் எழுந்திருப்பார்கள்? நெட்டை கேட்கச் சொன்னான்.

அப்பாவிடம் பதக்கத்தைப் பற்றிச் சொல்.

தம்பி


வீடு
மார்ச் 27

என் வெண்கலத் தம்பிக்கு,

நலம், நலம், நலம். அப்பா மூன்று தடவை எழுதச் சொன்னார்.

பத்திரிகையில் நாலு வரி வந்ததைக் கத்தரித்து டிப்போ நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். பக்கத்தில் இருந்த ஷிப்ட் அட்டவணை மறைந்துபோய், இரண்டு டிரைவர்கள் வேலைக்கு வராமல் இருந்துவிட்டார்கள். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "சார், ஷிப்ட் தினமும் வரும், வெண்கலம் தினமும் வருமா?" என்றாராம்.

அந்த நாலு வரியில் கடைசி வரி என்னை உறுத்துகிறது. அரையிறுதியில் நீ வலது கையை ஒரு முறைகூட நீட்டவில்லை என்று போட்டிருக்கிறது. கையில் அடியா? கட்டை விரலா, மணிக்கட்டா? மறைக்காதே. வீங்கியிருந்தால் படம் எடுத்துப் பார்க்கச் சொல்.

மாடிப்படியில் விழுந்தவரைப் பற்றிக் கேட்டிருந்தாய். மண்டைக்குள் சின்ன ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் கசிந்து தேங்கும். முதலில் வெளியே ஒன்றும் தெரியாது, எழுந்து நடப்பார்கள், சிரிப்பார்கள். உள்ளே நிறைந்த பிறகுதான் சாய்வார்கள். சீக்கிரம் எடுத்துவிட்டால் பிழைக்கிறவர்களும் உண்டு. எங்கள் வார்டில் மூன்று வாரம் பார்ப்போம். அதற்குள் கண் திறக்கவில்லை என்றால் வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச ஆரம்பிப்போம். கண் திறந்தாலும் பழைய ஆளாகத் திரும்புவது குறைவு. சிலருக்குப் பெற்ற தாயையே தெரியாது.

நெட்டையிடம் இப்படிப் போட்டு உடைக்காதே. கொஞ்சம் தேன் தடவிச் சொல். எனக்கு இந்த வேலையில் நாக்கு மரத்துப்போய்விட்டது.

அப்பா பதக்கத்தை வைக்க இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். எப்போது வருகிறாய்?

அக்கா


பயிற்சி முகாம்
ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உடனே பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கையில் அடி ஒன்றும் இல்லை.

மூன்று வாரம் என்று எழுதியிருந்தாய். இன்றோடு ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவனைச் சொந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். விமானத்தில் படுக்கவைத்துக் கொண்டுபோக விட்டார்கள் என்றால் கொஞ்சம் தேறியிருக்கிறான் என்றுதானே அர்த்தம்? ஐந்து வாரம் கழித்துக் கண் திறந்தவர்கள் உன் வார்டில் யாராவது உண்டா? ஒருவராவது இருந்தால் எழுது.

கண் மூடியிருக்கிறவர்களுக்குக் காது கேட்குமா? பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் உள்ளே போகுமா? வேறு மொழியில் பேசினாலும் போகுமா?

அவனுக்கு என் வயதுதான். ஒரே ஒரு மாதம் சின்னவன்.

இங்கே வழக்கம்போல ஓட்டம், கயிறு, மூட்டை. மாஸ்டர் திட்டுகிறார். ஜூன் கடைசியில் பெரிய போட்டி இருக்கிறது. விளையாட்டுப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் எங்களுக்குப் பத்திரிகை போடுகிறார்கள், ஏன் என்று தெரியவில்லை.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


வீடு
ஏப்ரல் 28

வண்டு,

நாங்கள் நலம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மார்ச் மாதக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். மாடிப்படியில் விழுந்த வேலைக்காரர் எழுந்து யாரோடு கை குலுக்குவார்? ஒன்பது வருடம் இந்த வார்டில் இருந்துகொண்டு அது எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். வெண்கலம் கண்ணை மறைத்துவிட்டது.

ஆஸ்பத்திரி நூலகத்துக்குப் போய் மார்ச் மாதப் பத்திரிகைகளைப் புரட்டினேன். ஒன்றில் இருந்தது, ஆட்டம் முடிந்த பிறகு ஒரு பையன் மயங்கி விழுந்தான் என்று. காலிறுதி, ஐம்பத்தேழு கிலோ. யாரோடு மோதியபோது என்று மட்டும் போடவில்லை.

மாடிப்படி இல்லை, அப்படித்தானே?

நான் எழுதியதை நினைத்து என் கையை நானே கடித்துக்கொள்கிறேன். ஒரு அந்நியருக்குச் சொல்வது போல மூன்று வாரக் கணக்கும், பெற்ற தாயைத் தெரியாது என்பதும் எழுதி அனுப்பியிருக்கிறேன். நீ அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்திருக்கிறாய்.

கேட்டதற்குப் பதில். ஏழாவது வாரத்தில் கண் திறந்தவர் ஒருவர் உண்டு. அச்சகத்தில் வேலை பார்த்தவர். இப்போது சக்கர நாற்காலியில் வந்து மருந்து வாங்கிப் போகிறார். காது கேட்கும் என்றுதான் நாங்கள் நடந்துகொள்கிறோம். துடைக்கும்போதும் திருப்பிப் படுக்க வைக்கும்போதும் பேசிக்கொண்டேதான் செய்வேன். எந்த மொழி என்பதைப் பற்றி யாரும் என்னைக் கேட்டதில்லை.

எனக்கு எழுது. சாப்பிடு.

அக்கா


பயிற்சி முகாம்
மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

ஆமாம். நான்தான்.

நியாயமான குத்து என்று எல்லோரும் சொல்கிறார்கள். நடுவர் அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறதாம். மாஸ்டர் என்னை மைதானத்தைச் சுற்றி நடக்க வைத்துக்கொண்டே பேசினார். "நடுவர் நேரத்துல நிறுத்தலை. அவன் கோச் போதும்னு டவலைப் போடலை. நடுவுல நீ என்னடா பண்ணுவ? நீ ஒருத்தன்தான் அங்க உன் வேலையைச் சரியா செஞ்சவன்." அவர் நல்ல மனிதர், அக்கா. சொல்லும்போது என் தோளில் கை போட்டிருந்தார். நாலு சுற்று முடிந்தும் அந்தக் கையை எடுக்கவில்லை.

குத்துச்சண்டைச் சங்கத்தில் வெளியே யாரிடமும் பேசக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவனைப் பற்றிக் கேட்டால் டீம் டாக்டர், "அப்படியேதான் இருக்கான்" என்கிறார். அதற்கு மேல் கேட்டால் என் நாடியைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்.

ஜூன் போட்டி நடப்பது அவன் நாட்டில். அவன் ஊர் வேறு. பயிற்சியில் நெட்டை தன் மார்பைத் தட்டிக் காட்டி, "இங்க குத்துடா, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறான். கை தோளிலிருந்து கிளம்புகிறது. பாதியில் நின்றுவிடுகிறது.

உன் பெரிய டாக்டருக்கு வெளிநாடுகளில் தெரிந்தவர்கள் உண்டு என்று சொல்வாயே. அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டுச் சொல்கிறாயா? ஆஸ்பத்திரி பெயரைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எதுவாக இருந்தாலும் சொல். அப்பாவுக்கு வேண்டாம்.

வண்டு


வீடு
ஜூன் 2

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் கிடைத்தது. வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டுவிட்டது. ஒரு வாரமாகக் குழாயில் தண்ணீர் வராமல் கீழ்வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தோம். அப்பா தானே சிமெண்ட் பூசுகிறேன் என்று ஏறினார், வேண்டாம் என்று இறக்கிவிட்டேன். பிறகு ஆள் வந்து பூசினான். மறுநாளே வேறு இடத்தில் ஒழுகியது. இப்போது சரியாகிவிட்டது. உன் அறைச் சுவரில் ஈரம் இறங்கியிருந்தது, அதையும் வெள்ளையடித்துவிட்டோம். வார்டில் புதுக் கட்டில்கள் வந்திருக்கின்றன, தலைப்பக்கத்தை உயர்த்தலாம்.

அப்பாவின் முழங்கால் தேவலை.

நன்றாகச் சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு. போட்டியில் தலையைக் காத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


வீடு
ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

நீ போட்டிக்குக் கிளம்பியிருப்பாய். திரும்பி வந்ததும் கையில் கிடைக்கட்டும் என்று முகாம் விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

அந்தப் பையன் மே 21-ஆம் தேதி இறந்துவிட்டான். பெரிய டாக்டர் விசாரித்துச் சொன்னார். ஜூன் 2-ஆம் தேதி உனக்கு எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு பக்கம் தொட்டியைப் பற்றி எழுதினேன்.

வார்டில் எத்தனையோ பேருக்கு இந்தச் செய்தியைச் சொல்லியிருக்கிறேன். டாக்டர்களே என்னைத்தான் அனுப்புவார்கள், "நீ போய்ச் சொல்லும்மா, உனக்குத்தான் வரும்" என்று. நாற்காலியை எப்படிப் போட வேண்டும், எந்த வார்த்தையில் ஆரம்பிக்க வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் எல்லாம் தெரியும். உனக்கு எழுத உட்கார்ந்தால் ஒன்றுமே தெரியவில்லை. நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். போட்டிக்கு முன்னால் சொன்னால் கவனம் சிதறி நீ அடி வாங்கிவிடுவாய் என்று பயம். அதைத்தான் காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் உன் தலையைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. குத்து வாங்காமல் வா என்று எழுதியவள்தானே நான். குத்துகிற பக்கத்தில் இருப்பவனும் என் தம்பிதான் என்பது எனக்கு எட்டவே இல்லை.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் கிழித்துப் போட்டதில் ஒரு தாள் அவர் கண்ணில் பட்டுவிட்டது. மறுநாள் டிப்போவில் அந்தப் பத்திரிகைத் துண்டைத் தானே பிய்த்து எடுத்திருக்கிறார். பசை போட்டு ஒட்டியது, முழுதாக வரவில்லையாம். நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார் என்று கண்டக்டர் சொன்னார்.

உன் மேல் தப்பில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். அதைச் சொல்ல நான் யார்? நான் உன் அக்கா. அந்தப் பையனுக்கும் வீட்டில் யாரோ இருக்கிறார்கள். நீ வீட்டுக்கு வா.

அக்கா


போட்டி நடக்கும் ஊர்
ஜூன் 24

அக்கா,

இன்று காலை எடை பார்க்கும் கூடத்தில் எல்லா நாட்டுக்காரர்களும் டவல் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். மைக்கில் ஒருவர் எதையோ படித்தார். எனக்குப் புரிந்தது அவன் பெயர் ஒன்றுதான். எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். ஒரு நிமிடம் மௌனம். நான் மட்டும் தலையைக் குனியாமல் நின்றேன், எதற்கென்று தெரியாமல். பிறகு ஒவ்வொருவராக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

தராசில் ஏறினேன். ஐம்பத்தாறு கிலோ எண்ணூறு. சரியாக இருந்தது. இறங்கி மாஸ்டரிடம், "நான் ஏறமாட்டேன் மாஸ்டர்" என்றேன். அவர் போய்ப் பெயரை அடித்துவிட்டு வந்தார்.

உனக்குத் தெரியும். இல்லையென்றால் நீ தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதுகிறவளா? எத்தனை நாளாகத் தெரியும்? நான் இத்தனை நாளாக அவன் காதில் என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் காது அப்போது மண்ணுக்குள் இருந்திருக்கிறது. நீ சொல்லியிருக்க வேண்டும்.

கோபத்தில் எழுதுகிறேன், ஆனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. நானும் ஒன்றை மறைத்துவிட்டேன்.

இரண்டாவது ரவுண்டில் என் இடது கை பட்டு அவன் கயிற்றில் சாய்ந்தான். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி எட்டு வரை எண்ணினார். எண்ணும்போது எதிர் மூலையிலிருந்து அவன் கண்ணைப் பார்த்தேன். அது நடுவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கூரையில் எங்கேயோ எதையோ தேடியது. உனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும்போது உன் வார்டில் அந்தக் கண்ணைப் பார்த்திருக்கிறேன், அக்கா. அந்தக் கூடத்தில் இருந்த எவரையும்விட எனக்கு அது நன்றாகத் தெரியும். நடுவருக்குத் தெரியவில்லை, அவன் கிளவுஸைத் துடைத்துப் பார்த்துவிட்டு ஆடச் சொன்னார். மூலையிலிருந்து மாஸ்டர், "முடிச்சுடு, முடிச்சுடு" என்றார். மிச்சம் நாற்பது செகண்டு. புள்ளியில் நான்தான் முன்னால். இடது கையை நீட்டிக்கொண்டு சுற்றி வந்திருந்தால் போதும்.

அவன் இரண்டு கையும் தாழ்ந்திருந்தது. நான் முடித்து வைத்தேன்.

வண்டு


பயிற்சி முகாம்
ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உடம்பு நலம். நேற்றுத்தான் திரும்பினோம். உன் ஜூன் 20 கடிதம் என் கட்டில் மேல் இருந்தது. உட்கார்ந்துகொண்டுதான் படித்தேன். நான் அங்கிருந்து எழுதியது உன் கைக்கு வந்திருக்கும். அதில் உன்மேல் கோபப்பட்டதை மட்டும் அடித்துவிட்டுப் படி.

கிளவுஸையும் பூட்ஸையும் மாஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி ரிங்கில் ஏறமாட்டேன். அவர் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, "கொஞ்ச நாள் போகட்டும்டா" என்றார். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வருகிறேன். அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அவன் வீட்டுக்குப் போனேன். போட்டி நடந்த ஊரிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம். நெட்டை முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டான், அவனும் கூட வந்தான். முழங்காலை மடக்க இடமில்லாமல் நாலு மணி நேரமும் நின்றுகொண்டே வந்தான். விலாசத்தை டீம் டாக்டர்தான் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "நான் குடுக்கலை" என்றார்.

மூன்றாவது மாடி. அவன் அப்பா கட்டடங்களில் தரை ஓடு பதிக்கிறவர். வேலை செய்த இடங்களில் மிஞ்சிய ஓடுகளைக் கொண்டுவந்து தன் வீட்டுத் தரையைப் பதித்திருக்கிறார், ஒன்றைப் போல ஒன்று இல்லை. மூலையில் அவன் பை இருந்தது. விமான நிலையத்தில் கட்டிய சீட்டுக்கூட அவிழ்க்காமல் அப்படியே. பக்கத்து வீட்டில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும், எனக்கும் கொஞ்சம் வரும். அவரைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். அவன் அம்மா உள்ளேதான் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

நான் யார் என்று சொன்னேன். அவன் அப்பாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. நாற்காலியைக் காட்டினார்.

அவன் கண்ணைப் பார்த்ததையும், தெரிந்தே குத்தியதையும் சொல்லிவிட்டேன். அதற்காகத்தான் போனேன். டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் அப்பாவிடம் திரும்பிச் சொன்னார். நான் சொன்னது ஏழெட்டு வாக்கியம். டீச்சர் சொன்னது ஒன்று. அவர் தலையசைத்தார். என்ன சொன்னீர்கள் என்று டீச்சரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை அவன் அப்பாவுக்கு அது தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது.

பிறகு அவர் ஒன்று கேட்டார். "கடைசியா அவன் ஏதாவது பேசினானா? அவன் கோச் அப்ப ஜட்ஜுங்க மேசைல சண்டை போட்டுக்கிட்டு இருந்தாராம். பக்கத்துல நீ மட்டும்தான் இருந்தியாம்."

அது உண்மை. சின்னக் கூடம், இரண்டு பேருக்கும் ஒரே உடை மாற்றும் அறை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்து என் கையைக் குலுக்கினான், மறுபடி போய் உட்கார்ந்தான். காலைக் கொஞ்சம் நீட்டி ஒரு வாக்கியம் சொன்னான். எனக்குப் புரியவில்லை. சிரித்துத் தலையாட்டினேன். எனக்குப் புரிய வேண்டும் என்பது போல அதையே மெதுவாக இன்னொரு தடவை சொன்னான். நல்லா சண்டை போட்டாய் என்கிறான் என்று நினைத்து, "தேங்க்யூ, தேங்க்யூ" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தபோது கீழே கிடந்தான்.

அந்த வாக்கியம் எனக்கு மறக்கவே இல்லை. அர்த்தம் தெரியாமல் நாலு மாதமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் அதைச் சொன்னேன், அவன் சொன்ன அதே இழுப்போடு. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அவன் அப்பா மட்டும் அசையவில்லை. டீச்சர்தான் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

"பூட்ஸ் கயிறைக் கொஞ்சம் அவுத்து விடேன், என் விரல் நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்குது."

இவ்வளவுதான் கேட்டிருக்கிறான், அக்கா.

அவன் அப்பா எழுந்து வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். சிமெண்ட் தின்ற கை. அதை என் முழங்கால் மேல் வைத்து, மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒரு வார்த்தையை நான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன் போல. அவர் திருத்தினார். திருத்திக்கொண்டு இன்னொரு தடவை சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

அப்போது உள் அறைக் கதவு திறந்தது. அவன் அம்மா வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்காக மறுபடியும் சொன்னேன்.

உன் தம்பி